சிக்கனச் செலவில் ஒரு ரெபெல் 250

பழைய ஹோண்டா ரெபெல் 250 மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியபோதே அது எப்படி மாற வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். ஒற்றைச் சீட், தாழ்வான ஹேண்டில்பார், கண்ணை உறுத்தும் குரோம் எதுவும் இல்லாத உடம்பு. கையில் பணம் அதிகமில்லை. ஆனால் சிக்கனமாக வேலை செய்ய இதைவிட நல்ல வண்டி அமைவது அரிது. 1985இல் வந்த இந்த வடிவம் பெரிய மாற்றமில்லாமல் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. 234 சிசி, இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், காற்றால் குளிரும் எஞ்சின். திறந்து பார்த்தால் புரியாத பாகம் ஒன்றும் இல்லை, பழைய உதிரிபாகங்களும் கிடைக்கின்றன.

முதல் செலவு அழகுக்கு அல்ல, பிரேக்குக்கு. முன் டிஸ்க்கின் பேடுகள், பின் டிரம்மின் ஷூக்கள், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றினேன். பின் டயரின் பட்டன்கள் தேயாமல் அழகாக இருந்தன. ஆனால் பக்கச் சுவரில் தயாரிப்புத் தேதியைக் காட்டும் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதைப் படித்துவிட்டு ரப்பரை விரலால் அழுத்தினேன், நூலிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன. பட்ஜெட்டில் பெரும்பங்கு டயருக்கே போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்து கழற்றும் வேலை. இதற்குக் காசு வேண்டாம், வண்டியின் தோற்றமோ பாதி மாறிவிடும். முதுகுச் சாய்வு, பக்கப் பைகள், அலங்காரத் தகடுகள் எல்லாம் இறங்கின. கழற்றிய போல்ட்டுகளை இடம் எழுதிய சிறு பைகளில் போட்டு, கழற்றுமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்தேன். எதையும் தூக்கி எறியவில்லை. வண்டியை விற்கும் நாளில் பழைய பாகங்களுக்கும் மதிப்பு உண்டு.

ஹேண்டில்பார்தான் என்னை அதிகம் வேலை வாங்கியது. உயரம் குறைந்ததும் கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் நீளமாகி வளைந்து நின்றன. வளைவு கூர்மையானால் கேபிள் உள்ளே உரசி இறுகும். ஆகவே அவற்றை வேறு வழியில் சுற்றிவிட்டுப் பார்த்தேன். பிறகு ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெதுவாகத் திருப்பினேன். எஞ்சின் சத்தம் இம்மியளவு உயர்ந்தாலும் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் லேசாக ஏறியது. கேபிளை ஃபோர்க்கின் மறுபுறம் கொண்டுவந்ததும் நின்றது. பிரேக் ஹோஸ் மடங்குகிறதா, கைப்பிடி டேங்கில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

சீட்டுக்குப் புதிது வாங்கவில்லை. பழைய சீட்டின் அடித்தகட்டை வைத்துக்கொண்டு, நுரையை நீளமான கத்தியால் செதுக்கி, மேலே அடர்த்தியான நுரையை ஒட்டி, நீர் புகாத உறையை இழுத்து அடித்தேன். மிக மெலிதாகச் செதுக்குவோர் உண்டு. படத்தில் நன்றாக இருக்கும், நெடுந்தூரம் உட்கார முடியாது.

ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் தொடவில்லை. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திறந்த ஃபில்டர் மாட்டினால் காற்று கூடும், பெட்ரோல் கூடாது. கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். பிறகு பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான கார்புரேட்டர் ஜெட்டை மாற்ற வேண்டும். இத்தனை பாடுபட்டும் இவ்வளவு சிறிய எஞ்சினில் கிடைப்பது சத்தம் மட்டுமே. அந்தப் பணத்தில் நான் செயினை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை மாற்றினேன், 14 பல்லுக்குப் பதில் 15. அதே வேகத்தில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது, நெடுஞ்சாலையில் பதற்றமில்லாமல் ஓடுகிறது. மேட்டில் கொஞ்சம் சீக்கிரமே கியர் இறக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்இடி இண்டிகேட்டர் போடுவோர், அதை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய பிளாஷர் பல்பு இழுக்கும் மின்சாரத்தை நம்பி இயங்குவது. எல்இடி மிகக் குறைவாக இழுப்பதால் படபடவென்று துடிக்கும், அல்லது துடிக்கவே துடிக்காது.

டேங்குக்கு வண்ணம் பூசுவதில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டேன். பழைய வண்ணத்தைத் தேய்ப்பது, பள்ளம் நிரப்புவது, ஈர உப்புத்தாளால் வழவழப்பாக்குவது எல்லாம் என் கை உழைப்பு. பெட்ரோல் சிந்தினாலும் கரையாத இரு கலவை கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சை மட்டும் பெயின்டரிடம் விட்டேன். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் தூசி முகமூடி அதைத் தடுக்காது. கூலியில் பெரும்பகுதி தயாரிப்பு வேலையில்தான் இருக்கிறது என்பதால் மிச்சமும் கணிசம்.

வண்டியின் ஃபிரேமை வெட்டிப் பின்பக்கத்தைக் குட்டையாக்கும் ஆசை எனக்கும் இருந்தது. எடை தாங்கும் இடத்தில் வெல்டிங் என்பது தேர்ந்தவர் கைவேலை. பதிவு, காப்பீட்டு விதிகளும் குறுக்கே வரலாம். மட்கார்டை மட்டும் சற்றுக் குறைத்து, நம்பர் பிளேட்டும் விளக்கும் தெரியும்படி மாட்டினேன். மாட்டுமுன் பின் ஷாக் அப்சார்பர்களை விடுவித்துச் சக்கரத்தை முழுவதும் மேலே தூக்கி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அந்த ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அடுத்துச் சேரும் பணம் அவற்றுக்குத்தான்.