டச் பே கரையில் 53

ஒரு காரைப் படம் எடுப்பதற்காகவே போன ஜூலையில் திருகோணமலைக்குப் போய் வந்தேன். 1968இல் டிஸ்னி எடுத்த ‘தி லவ் பக்’ படத்தில் தானாகவே ஓடி, கோபித்து, பந்தயமும் வெல்லுமே, அந்த வெள்ளை வொக்ஸ்வேகன் பீட்டில். பெயர் ஹெர்பி. திருகோணமலையில் கராஜ் வைத்திருந்து ஓய்ந்த ஐயா ஒருவர் தன்னுடைய பழைய பீட்டிலை அச்சு அசலாக ஹெர்பி ஆக்கி வைத்திருக்கிறார் என்று நண்பன் சொன்னான். போன் எடுத்துக் கேட்டேன்.

“வாங்கோ தம்பி. ஆனா விடியமுதல் வரவேணும். வெயில் ஏறினா வெள்ளைக் காரைப் படம் எடுக்கேலாது.”

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர் வழியாக ஏ15 வீதி. அப்பா காலத்தில் இந்த வழியில் ஆற்றுக்கு ஆறு பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்து, வாகனத்தோடு ஏறி இறங்கிப் போனார்களாம். இப்போது எல்லாம் பாலம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் மட்டும் 396 மீட்டர். முதல் நாள் பின்னேரமே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு ஐயாவின் வளவுக்குள் டோர்ச் வெளிச்சத்தில்தான் காரை முதலில் பார்த்தேன். முழுக் காரும் தெரியவில்லை. பொனட்டில் ஒரு வட்டம், அதற்குள் கறுப்பில் 53. கிட்டப் போய்ப் பார்த்தால் ஸ்டிக்கர் இல்லை, தூரிகை வேலை. கடைகளுக்கு போர்ட் எழுதுகிற ஒருவரைக் கூட்டிவந்து எழுதுவித்தாராம். 3இன் வளைவில் தூரிகை திரும்பிய இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. பொனட் வளைந்த தகடு என்பதால் ஆணியும் நூலும் வைத்துச் சரியாக வட்டம் போட்டாலும் முன்னுக்கு நின்று பார்க்கும்போது நசிந்து தெரிகிறதாம். மூன்று தரம் அழித்து, பத்தடி தள்ளி நின்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் கோட்டைச் சரிசெய்திருக்கிறார்கள்.

அந்த 53 எங்கிருந்து வந்தது என்பதும் ஐயாவுக்குத் தெரியும். லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியில் பேஸ்போல் ஆடிய டொன் ட்ரைஸ்டேலின் இலக்கம் அது. தயாரிப்பாளர் பில் வோல்ஷ் அந்த அணியின் ரசிகர். கதவைத் திறந்தபோது உள்ளே எல்லாம் சாம்பல் நிறம். படப்பிடிப்பு விளக்குகள் பட்டு மினுங்கக் கூடாது என்பதற்காக ஹெர்பியின் உட்பக்கத்துக்கு மினுக்கமில்லாத சாம்பல் நிறம் பூசினார்கள். கராஜ்காரர் ஒருவர் கமராவுக்காகச் செய்த வேலையை இவ்வளவு கவனித்துச் செய்திருக்கிறாரே என்று மனம் நிறைந்துபோனது.

வெளிச்சம் வரமுதல் டச் பே கடற்கரைக்குப் போனோம். மணலில் இறக்கினால் புதையும், உப்பும் ஏறும். அதனால் புல் முடிகிற இடத்தில் நிற்பாட்டினார். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கலிபோர்னியா இலக்கத் தகட்டைத் துணியிலிருந்து எடுத்தார். ஓ எஃப் பி 857. படத்தில் வருகிற அதே இலக்கம். சொந்தத் தகட்டுக்கு மேலே இரண்டு கொளுக்கியால் மாட்டினார். கார் நிற்கும்போது மட்டும்தான், றோட்டில் ஓடும்போது கழற்றிவிடுவார்.

ஜூலையில் அங்கே சூரியன் கோணேசர் மலைப் பக்கமாகவே ஏறுகிறது. மலை பின்னால் வரவேண்டும் என்றால் வெளிச்சத்துக்கு எதிரே நிற்க வேண்டும். மலை கறுப்பு, கடல் பொன், ஆனால் காரின் முகம் இருட்டு. ஃபிளாஷ் அடித்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிவிட்டது. ஐயா ஒன்றும் பேசாமல் பின் சீட்டிலிருந்து வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து, நடக்க வந்த இரண்டு பெடியன்களிடம் கொடுத்து விரித்துப் பிடிக்கச் சொன்னார். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அந்த இரண்டு விளக்குகளிலும் விழுந்ததும் கார் கண் விழித்த மாதிரி இருந்தது. பழைய பீட்டில்களின் விளக்குக் கண்ணாடி பின்பக்கம் சாய்ந்திருக்கும். அறுபதுகளின் பிற்பாதியில் நிமிர்ந்த விளக்கு வந்துவிட்டது. ஹெர்பி 1963 மாடல். முகத்துக்கு அந்தக் குழந்தைப் பார்வை வருவது இந்தச் சாய்வால்தான் என்பேன்.

வைட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டேன். கிட்ட நின்று அதில் எடுத்தால் மூக்கு வீங்கிவிடும். 85 மில்லிமீட்டர் லென்ஸோடு பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, விளக்கின் உயரத்துக்குக் கமராவை இறக்கி, புல்லில் படுத்துக்கொண்டு எடுத்தேன். கடற்காற்று ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா லென்ஸில் உப்புப் படலம் விரிக்கும். துடைத்துத் துடைத்து எடுத்தேன். அப்போதுதான் பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான் ஒன்று மெல்ல வந்தது. திருகோணமலை மான்கள் ஆளுக்குப் பயப்படாது. முன் பம்பரை மோந்துவிட்டு, தலை நிமிர்ந்து பொனட்டையே பார்த்தபடி நின்றது. மூன்று படம் கிடைத்தது. அதில் ஒன்றுக்காகவே இன்னொரு முறை 130 கிலோமீட்டர் ஓடலாம்.

வேட்டி பிடித்த பெடியன் ஒருவன் கமராவில் பார்த்துவிட்டு, “அண்ணா, படத்தில ஸ்டியரிங் இடப்பக்கம்தானே? இதைத் திருப்பிப் போட்டா சரி வரும்” என்றான். கெட்டிக்காரன். அமெரிக்காவில் ஓடிய கார் என்பதால் அசலுக்கு இடப்பக்கம், நம்முடையதற்கு வலப்பக்கம். ஆனால் திருப்பினால் 53உம் திரும்பிவிடும், கோணேசர் மலையும் இடம் மாறி நிற்கும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுட்டது. வெள்ளைப் பெயின்டில் வளைவு நெளிவு எல்லாம் அழிந்து ஒரே பளீர். சரி, போதும் என்று மூட்டையைக் கட்டினேன். வளவுக்குத் திரும்பியதும் ஐயா முதல் வேலையாகக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி, மட்காட்டுக்கு அடியில், கதவின் கீழ்விளிம்பில் எல்லாம் உப்புப் போக ஊற்றினார். பீட்டிலுக்குத் துரு முதலில் பிடிப்பது அடித்தகட்டில்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரிக் கையால் தடவித் தடவிக் கழுவினார்.

பிளேன்டீ குடித்துக்கொண்டு எல்லாப் படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மான் படத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு எழும்பிப் போய், ஈரம் காயாத காரின் முன்னால் நின்று, “இப்ப ஒண்டு எடுங்கோ தம்பி, என்ர நம்பரோட” என்றார்.

எடுத்தேன். அதைத்தான் பெரிதாகக் கழுவி அனுப்பச் சொல்லியிருக்கிறார், கராஜ் சுவரில் மாட்ட.