அப்பா எழுதிக் கொடுத்த பவர்

தாத்தா விட்டுச் சென்ற நிலம் அணைக்கட்டுப் பக்கம் கூட்டுப் பட்டாவில் கிடந்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் பாகப்பிரிவினைக்குச் சம்மதித்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம், வலது கை விளங்கவில்லை, பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். அவர் சார்பில் நான் கையெழுத்திட வேண்டுமென்றால் அவர் எனக்குப் பவர், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதிப் பதிவு செய்து தர வேண்டும்.

வண்டி வைத்தாவது அவரைப் பதிவு அலுவலகத்துக்குத் தூக்கிப் போக வேண்டும் என்றார்கள் உறவினர்கள். தேவையில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, நடமாட முடியாதவர்களுக்கு நேரில் வருவதிலிருந்து விலக்குத் தருகிறது. பதிவு அலுவலர் வீட்டுக்கே வரலாம். மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினோம்.

நான் பிடிவாதமாக நின்றது பத்திர வாசகத்தில்தான். பத்திர எழுத்தர் முதலில் அடித்துத் தந்தது வழக்கமான பொது அதிகாரப் பத்திரம்: விற்க, அடமானம் வைக்க, கிரய ஒப்பந்தம் போட, முன்பணம் வாங்க என்று எல்லா அதிகாரமும் அதில் இருந்தது. "பெற்ற மகள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார். மகளாக இருந்தாலும் அப்பா கொடுக்க நினைக்காததை நான் ஏன் வாங்க வேண்டும்? பாகப்பிரிவினையில் கையெழுத்திடுவது, பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுப்பது, இந்த இரண்டோடு சர்வே எண்ணை மட்டும் வைத்துத் தனி அதிகாரப் பத்திரமாக மாற்றச் சொன்னேன். பவர் வாங்கும் எவரும் இதைச் செய்ய வேண்டும். கொடுப்பவர் கேள்வி கேட்கும் நிலையில் இல்லாதபோது கட்டாயம் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்த சார்பதிவாளர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். "யாருக்கு, எதற்குப் பவர் கொடுக்கிறீர்கள் ஐயா?" அப்பா வாயைத் திறக்க, அத்தை முந்திக்கொண்டு பதில் சொன்னார். "அவர் சொல்லட்டும் அம்மா" என்று சார்பதிவாளர் கையமர்த்தினார். நேரம் பிடித்தது. "மகளுக்கு... பாகம் பிரிக்க... விற்க இல்லை" என்றார் அப்பா. அந்தக் கடைசிச் சொற்களை அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிறகுதான் இடது பெருவிரலை மையில் ஒற்றினார்கள்.

தள்ளிப்போடவும் கூடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் கலங்கினாலோ பவர் முடிந்துவிடும். அதனால்தான் பாகப்பிரிவினையைப் பதிவு செய்யப் போனபோது அப்பா உயிரோடு இருப்பதற்கான சான்றையும் புதிதாக வாங்கிக் கொண்டுபோனோம். பத்திரம் பதிவாகி, அப்பா பங்குக்குத் தனிப் பட்டா கேட்டு மனுவும் கொடுத்தாயிற்று. பட்டா கைக்கு வந்ததும் பவரை முறைப்படி ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யப்போகிறோம்.