ழ வராத கிளாஸ்

செப்டம்பர் 3
வெளிநாட்டுக்கு வந்து ஒம்பது நாள் ஆச்சு. பொண்ணு ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு விளையாடுறது இப்பதான் நின்னுருக்கு. உடம்பு பழக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள்னு சொல்வாங்கல்ல, கிட்டத்தட்ட சரிதான். நாளைக்கு ஸ்கூல். ஆறு வயசுக்காரி கேட்டது ஒண்ணே ஒண்ணு, "பாத்ரூம் போணும்னா எப்டிம்மா கேக்கறது?" அட்டையில படம் வரைஞ்சு பாக்கெட்ல வெச்சு விட்ருக்கேன்.

செப்டம்பர் 24
டீச்சர் கூப்பிட்டு, இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலைன்னாங்க. எனக்கு திக்குனு ஆயிடுச்சு, வீட்ல இவ வாய மூட வைக்க நான் படாத பாடு படுறேன், அங்க ஊமை மாதிரி உக்காந்திருக்காளாம். வீட்ல நல்லா பேசுறான்னா பயப்படாதீங்க, இதுக்கு சைலண்ட் பீரியட்னு பேரு, புது மொழி காதுல ஏறுற வரைக்கும் சில பிள்ளைங்க மாசக்கணக்குல கூட பேச மாட்டாங்கன்னு சொன்னாங்க. தாய்மொழிய மட்டும் விட்டுடாதீங்கன்னாங்க. நல்லவேளை, நான் அன்னைக்கு காலைலதான் இனிமே வீட்லயும் இங்க உள்ள பாஷைதான்னு சட்டம் போட இருந்தேன்.

ராத்திரி படுக்கைய நனைச்சுட்டா. மூணு வயசுலயே நின்ன பழக்கம். ஒண்ணும் சொல்லாம பெட்ஷீட்ட மாத்தினேன். "கொஞ்ச நாள் ஆகும்டா தங்கம்"னு மட்டும் சொன்னேன், அவளுக்கா எனக்கான்னு தெரியல.

அக்டோபர் 11
கதவிடுக்குல நின்னு பாத்தேன். பொம்மைங்கள வரிசையா உக்கார வெச்சு அட்டெண்டென்ஸ் எடுக்கறா, டீச்சரோட அதே இழுவை, அதே கைதட்டு, பாதி நிஜ வார்த்தை, பாதி சும்மா சத்தம். கடைசியா ழ வர்ற அவ பேரையே கூப்பிட்டா. ழ இல்ல. ல. டீச்சர் சொல்ற மாதிரியே. எனக்கு நெஞ்சு அடைச்சுது, இதுக்குப் போய் அழுவாங்களான்னு இவர் சிரிக்கறாரு.

அக்டோபர் 30
பிள்ளைங்க ரெண்டாவது மொழி கத்துக்கறத பத்தி டொராண்டோ ப்ரொஃபஸர் ஜிம் கம்மின்ஸ் எழுதினத படிச்சேன். புது மொழில விளையாட, அரட்டை அடிக்க ரெண்டு வருஷம் போதுமாம், பாடத்துல மத்த பிள்ளைங்களுக்கு சமமா வர அஞ்சுல இருந்து ஏழு வருஷமாம். நான் ரெண்டு மாசத்துக்கே காலண்டர கிழிச்சிட்டிருக்கேன்.

நவம்பர் 14
பேசிட்டா! டீச்சர் பேர் கூப்பிட்டப்ப எந்திரிச்சு "நோ"ன்னுட்டு, நாக்க மடிச்சு காட்டி ழ, ழ, ழன்னு சொல்லிக் குடுத்தாளாம். கிளாஸே நாக்க மடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சாம்.

நவம்பர் 17
"இன்னைக்கு டீச்சர் கரெக்டா சொன்னாங்களா?"
"இல்ல. லன்னுதான் சொன்னாங்க."
"அச்சச்சோ."
ஷூவ கழட்டிக்கிட்டே சொல்றா, "பரவால்லம்மா, அவங்களுக்கு கொஞ்ச நாள் ஆகும்."