பேரேட்டில் மூன்று தலைமுறை: ஒரு மளிகைக் கடையின் பழைய கணக்கு

3.6.2025
முதல் கட்டு பிரித்தாயிற்று. சிவப்புத் துணி அட்டை, மூலைகளில் புதுக்கணக்கு மஞ்சள், நடுவில் பூச்சி துளைத்த பாதை. வெயிலில் காயவைத்தால் தாள் மொறுமொறுத்து உடையும். நிழலில் விரித்து, மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் கூடாது, பசை பழுத்து மையையும் கொண்டு போகும். படிக்குமுன் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டும்.

5.6.2025
தமிழ் எண்கள். ௩௰௫ என்றால் 35. மூன்று, பத்து, ஐந்து என்று அடுக்கிப் படித்து 3105 ஆக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. வரிக்கு வரி வரும் ௸ அலங்காரமல்ல, ‘மேற்படி’. அதை விட்டால் மிளகாயின் விலை மல்லியின் தலையில் ஏறும். அளவுக்குப் பின்னால் நிற்கும் ‘வ’ கால் பங்கு. வரவு என்று எடுத்தால் கூட்டல் உதைக்கும்.

9.6.2025
‘விளம்பி, தை’ என்று ஒரு பக்கம். விளம்பி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1898, 1958, 2018. அணா மட்டும் இருந்தால் 1898 என்று முடிவுகட்டிவிட முடியாது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்த பிறகும் பழைய கைகள் அணாவில்தான் எழுதின. விற்பனை வரி பற்றி ஒரு வரி இருந்தால் 1939-க்குப் பிந்தியது. சென்னை மாகாணத்தில் அந்த வரி வந்தது அப்போதுதான். இந்தப் பக்கத்தில் விற்பனை வரி இருக்கிறது, எனவே இரண்டாம் தலைமுறை. ஆனால் மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால், தை என்பது 1959.

12.6.2025
ரூ. 3-5-6: மூன்று ரூபாய், ஐந்தணா, ஆறு பை. அணாவுக்கு 12 பை, ரூபாய்க்கு 16 அணா, ஆக ரூ. 3.34.
எடை இன்னும் சிக்கல். 40 பலம் ஒரு வீசை, சுமார் 1.4 கிலோ. வீசை 2 ரூபாய் என்றால் கிலோ 1.43. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாக வந்ததால், அதே ஏட்டில் புளி வீசையிலும் சர்க்கரை கிலோவிலும் இருக்கலாம். வகுக்காமல் ஒப்பிட்டால் விலை திடீரென்று சரிந்ததாகத் தோன்றும்.
படிக் கணக்கைக் கிலோவாக்க ஒரே எண் கிடையாது. அரிசியும் உளுந்தும் ஒரு படியில் ஒரே எடை நிற்பதில்லை. தலைதட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா என்பதையும் ஏடு சொல்லாது. படியைப் படியாகவே விட்டுவிடுவது நல்லது.

17.6.2025
‘வீட்டுப் பற்று’ தலைப்பைத் தனியே எடுத்தாயிற்று. கடையிலிருந்து அடுப்படிக்குப் போன எண்ணெய், பருப்பு எல்லாம் இதில்தான். இது எழுதாத ஆண்டுகளில் லாபம் குறைந்ததாகத் தெரியும். கடை இளைக்கவில்லை, வீடு தின்றிருக்கிறது. பாகப்பிரிவினை நடந்த மாதத்தில் மட்டும் சாக்கு, தராசு, படிக்கல் வரை இருப்பு எழுதியிருக்கிறது. கடை எவ்வளவு பெரிது என்று அறிய இதைவிட நல்ல பக்கம் கிடையாது.

20.6.2025
மூன்றாம் தலைமுறை, கணினி ரசீது. 25 கிலோவாக வந்த அரிசி மூட்டை 2022-இல் 26 ஆகிறது. தட்டச்சுப் பிழையல்ல. அந்த ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 26-க்குக் கிடையாது. யாரும் திருத்திவிடாதபடி ஓரத்தில் பென்சிலால் குறித்தாயிற்று.