காந்தமானி கண்ட கடல்

பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நான் வகுப்புக்குக் கொண்டு செல்லும் பொருள்கள் இரண்டு: ஏ.சி. பழுதுபார்க்கும் கடையில் வாங்கிய ஒரு மீட்டர் செம்புக் குழாய், அதற்குள் நழுவிச் செல்லும் அளவிலான சிறு நியோடிமியம் காந்தம். குழாயை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து ஓர் இரும்பு ஆணியைப் போட்டால் 'டக்'கென்று கீழே விழுந்துவிடும். காந்தத்தைப் போட்டாலோ, எண்ணெய்க்குள் இறங்குவதுபோல நிதானமாக, நான்கைந்து விநாடிகள் எடுத்துக்கொண்டு வெளியே வரும். செம்பைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனாலும் காந்தம் நகரும்போது குழாய்ச் சுவரில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, விழும் காந்தத்தை எதிர்த்து நிற்கிறது. பூமிக்கு வெளியே ஒரு கடல் இருப்பதற்கு முதல் வலுவான சான்று கிடைத்தது இதே விதியால்தான் என்று சொன்னால், பின் பெஞ்சில் இருப்பவர்களும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விண்கலம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அது அனுப்பும் படங்கள். செய்தித்தாள்கள் அச்சிடுவதும் அவற்றைத்தான். ஆனால் கோள்களையும் துணைக்கோள்களையும் பற்றிய நம் எண்ணத்தைத் தலைகீழாக மாற்றிய கண்டுபிடிப்புகள் பலவற்றில், கேமராவைக் காட்டிலும் அதன் அருகே பேசாமல் வேலை செய்துகொண்டிருந்த கருவிகளுக்கே பெரிய பங்கு என்பது என் கருத்து.

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவை எடுத்துக்கொள்வோம். 1995 டிசம்பரில் வியாழனை அடைந்த கலிலியோ விண்கலம் அதன் பனிப் பரப்பைப் பலமுறை படமெடுத்தது. உடைந்து, இடம் மாறி, மறுபடி உறைந்த பனிப்பாளங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. அடியில் என்றோ நீர் இருந்திருக்க வேண்டும் என்று அவற்றைக் கொண்டு ஊகிக்க முடிந்ததே தவிர, அந்த நீர் இன்றைக்கும் இருக்கிறதா என்பதைப் படத்தால் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னது மார்கரெட் கிவல்சன் தலைமையிலான குழுவின் காந்தமானி.

வியாழனின் காந்த அச்சு அதன் சுழற்சி அச்சிலிருந்து சுமார் 10 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே வியாழன் சுழலும்போது அதன் காந்தப்புலம் தள்ளாடுகிறது. யூரோப்பாவின் மீது நின்று பார்த்தால் அந்தப் புலத்தின் ஒரு கூறு ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறித் திரும்பும். என் குழாய்க்குள் காந்தம் நகர்வதும், யூரோப்பாவைச் சுற்றிப் புலம் மாறுவதும் இயற்பியலுக்கு ஒன்றுதான். யூரோப்பாவுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் ஏதேனும் இருந்தால் அங்கே மின்னோட்டம் தூண்டப்பட வேண்டும். அதன் காந்தப்புலம் வியாழனின் மாற்றத்தை எதிர்த்து நிற்க வேண்டும். கலிலியோ கண்டது அப்படிப்பட்ட புலத்தைத்தான். இருந்தாலும் அது யூரோப்பாவுக்குள் நிலையாக இருக்கும் ஒரு காந்தமாகவும் இருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தைத் தீர்க்க, வியாழனின் புலம் முன்பிருந்ததற்கு எதிர்த்திசையில் இருக்கும் வேளை பார்த்து, 2000 ஜனவரி 3 அன்று விண்கலம் யூரோப்பாவின் அருகே பறந்தது. நிலையான காந்தமாக இருந்திருந்தால் அதன் திசை மாறியிருக்காது. மாறியது. பனிக்கட்டி மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது, மையத்தில் இருக்கும் உலோகமோ மிக ஆழத்தில் கிடக்கிறது. பரப்புக்கு அருகே, கோளம் முழுவதும் பரவியிருக்கும் கடத்தி என்று பார்த்தால் உப்புநீரே பொருந்தி வருகிறது.

சனியின் துணைக்கோளான என்செலடஸின் கதை இன்னும் சுவையானது. 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த இதன் குறுக்களவு 504 கிலோமீட்டர்தான். இத்தனை சிறிய உருண்டை எப்போதோ உள்ளே வரை குளிர்ந்து இறுகிப் போயிருக்க வேண்டும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு. 2004இல் சனியை அடைந்த காசினி விண்கலம், 2005 பிப்ரவரி 17 அன்று முதன்முறையாக அதன் அருகே சென்றது. கலத்தின் சொந்த மின்காந்த இரைச்சல் கெடுக்காதபடி 11 மீட்டர் நீளக் கையின்மேல் பொருத்தப்பட்டிருந்த காந்தமானி, சனியின் காந்தப்புலக் கோடுகள் என்செலடஸின் அருகே வளைவதைப் பதிவு செய்தது. ஆற்றில் நிற்கும் பாறையைச் சுற்றி நீர் வளைந்து ஓடுவதுபோன்ற வளைவு. ஆனால் அந்த வளைவுக்குத் தேவைப்பட்ட 'பாறை' என்செலடஸைவிடப் பெரியது. மார்ச் மாதம் சென்றபோதும் அதே கதை. வாயு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்செலடஸின் ஈர்ப்போ பூமியின் ஈர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அந்த ஈர்ப்பால் வாயுவைப் பிடித்து வைத்திருக்க முடியாது. அப்படியானால் எங்கிருந்தோ அது ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

காந்தமானிக் குழுவின் தலைவரான மிஷல் டோஹர்ட்டி இந்த வளைவைக் காட்டி வாதாடியதன் பேரில், ஜூலை 14ஆம் நாளின் பயணத்தில் 1,000 கிலோமீட்டர் உயரத்தில் கடப்பதாக இருந்த திட்டத்தை மாற்றி, 173 கிலோமீட்டர் உயரத்துக்குக் கலத்தை இறக்கினார்கள். பல நாட்டுக் கருவிகளைச் சுமந்து செல்லும் ஒரு கலத்தின் பாதையை ஒரு வரைபடத்தின் வளைவை நம்பி மாற்றச் செய்வது எளிய காரியமன்று.

அந்த நாளில் நடந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விண்மீன் மறைந்த நிகழ்ச்சி. என்செலடஸுக்குப் பின்னால் ஒரு விண்மீன் மறையும்போது, அதன் புற ஊதா ஒளி சட்டென்று அறுந்தால் அங்கே வாயு இல்லை. சிறிது சிறிதாக மங்கினால் உண்டு. பிப்ரவரியில் இப்படிப் பார்த்தது விருச்சிகத்தின் வாலில் இருக்கும், நாம் மூலம் என்று அழைக்கும் விண்மீனை. அப்போது ஒன்றும் தெரியவில்லை. ஜூலையில் பார்த்தது திருவாதிரைக்கு எதிர்த் தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸை. அது தென் துருவத்தின் அருகே மறையும்போது ஒளி மங்கியது, வடக்குப் பக்கம் வெளிவரும்போது மங்கவில்லை. மங்கிய ஒளியில் நீராவியின் தடயம் இருந்தது. அதே நாளில் வெப்பத்தை அளக்கும் கருவி, மிகக் குளிர்ந்திருக்க வேண்டிய தென் துருவம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைக் கண்டது. புலியின் வரிகளைப் போல அங்கே கிடக்கும், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமான நான்கு பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிட்டுக்கொண்டிருந்தன.

சூரியனைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்து என்செலடஸ் ஊற்றுகளைப் பீச்சுவதைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற படம் 2005 நவம்பரில்தான் வந்தது. ஜனவரிப் படங்களிலேயே மெல்லிய ஒரு மங்கல் தெரிந்தது என்பதையும், அது கேமராவின் கோளாறாக இருக்கக்கூடும் என்று குழுவினர் பொறுத்திருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி உள்ளே என்ன இருக்கிறது என்பது. தூசுகளை அளக்கும் கருவியின் மீது மோதிச் சிதறிய பனித்துகள்களில் சோடியம் உப்பு இருந்தது. அப்படியானால் அந்த நீர் பாறையைத் தொட்டுக்கொண்டு இருந்த நீர். 2015 அக்டோபரில் 49 கிலோமீட்டர் உயரத்தில் அந்த ஊற்றுக்குள்ளேயே புகுந்து சென்றபோது ஹைட்ரஜன் அகப்பட்டது. அடியில் வெந்நீரும் பாறையும் வினைபுரிகின்றன என்பதற்கு அது அறிகுறி. கலத்திலிருந்து பூமிக்கு வரும் வானொலி அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மிக நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு, ஈர்ப்பு கலத்தை எங்கே எவ்வளவு இழுத்தது என்று கணக்கிட்டு, தென் துருவத்தின் பனிக்கு அடியே நீர் இருப்பதை 2014இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு என் கட்சிக்கு எதிராக ஒரு சான்று வந்தது: பல ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, என்செலடஸ் சுழலும்போது 0.12 பாகை ஆடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். உள்ளே வரை உறைந்திருந்தால் இவ்வளவு ஆடாது. மேலோடு பாறையோடு ஒட்டாமல் மிதக்கிறது, அதாவது கடல் துருவத்தில் மட்டுமல்லாமல் உருண்டை முழுவதும் இருக்கிறது. கேமராவுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, குழாயைத் துணியால் சுற்றி மறைத்துவிட்டால், காந்தம் விழும் நேரத்தை வைத்தே அது செம்பா அலுமினியமா என்று சொல்ல முடியுமா என்று கேட்டாள். சுவரின் தடிமன் தெரிந்தால் முடியும். தெரியாவிட்டால் தடித்த அலுமினியக் குழாயும் மெல்லிய செம்புக் குழாயும் ஒரே விடையைத் தந்துவிடும். யூரோப்பாவில் கலிலியோ மாட்டிக்கொண்டதும் இதே முடிச்சில்தான்: உப்பு மிகுந்த ஆழமற்ற கடலும், உப்பு குறைந்த ஆழமான கடலும் அதற்கு ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்தன. 2024 அக்டோபரில் புறப்பட்டு, 2030இல் வியாழனை அடையவிருக்கும் யூரோப்பா கிளிப்பரின் காந்தமானி இதை அவிழ்க்கப் பார்க்கும். யூரோப்பா தன் பாதையில் ஒரு சுற்று வர எடுக்கும் 85 மணி நேரத்துக்கேற்பவும் அங்குள்ள புலம் சற்றே மாறுகிறது. மெதுவான மாற்றம் கடத்திக்குள் ஆழமாக ஊடுருவும், வேகமான மாற்றம் மேற்பரப்போடு நின்றுவிடும். 11 மணி நேர மாற்றத்துக்கும் 85 மணி நேர மாற்றத்துக்கும் கடல் தரும் மறுமொழிகளைத் தனித்தனியே அளந்தால், உப்பையும் ஆழத்தையும் பிரித்தெடுக்கலாம்.