பழைய பியானோவில் ஓயாத ஒலி

பியானோவின் கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டே இருந்தால், கம்பியின் அதிர்வை அடக்கும் டேம்பரின் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்களே அதிகம். பெரம்பூரில் பெரியம்மா வீட்டில் உள்ள கம்பிகள் செங்குத்தாக நிற்கும் பழைய அப்ரைட் பியானோவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. சென்னையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரக்காற்றைத்தான்.

எல்லாச் சுரங்களும் ஓயாமல் ஒலித்தால், வலப்பக்கப் பெடலின் இணைப்பு டேம்பர்களைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கலாம். கீழ்ப் பலகையைக் கழற்றி, பெடலை மிதிக்கத் தொடங்கும்போது டேம்பர்களைத் தூக்காத சிறிதளவு வெற்றசைவு இருக்கும்படி அங்குள்ள திருகைத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலது கோடியில் உள்ள ஏறத்தாழ 20 சுரங்களுக்கு டேம்பரே கிடையாது என்பதால், அங்கே ஒலி நீள்வது கோளாறு அன்று.

ஒரு சுரம் மட்டும் ஒலித்தால், முதலில் கட்டை முழுமையாக மேலே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பாவிட்டால் டேம்பரைக் குறை சொல்வதற்கில்லை. திரும்புகிறது என்றால், மேல் பலகையைத் திறந்து, அந்த டேம்பரை விரலால் கம்பியிலிருந்து விலக்கிவிட்டுப் பார்க்கலாம். விசையே இல்லாவிட்டால் ஸ்பிரிங் உடைந்தோ நழுவியோ இருக்கும். விசை இருந்தும் மெதுவாக ஊர்ந்து வந்தால், அச்சாக உள்ள சென்டர் பின்னைச் சுற்றியிருக்கும் துணி, ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, பின்னை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். இந்த இடத்தில் எண்ணெய் விடவே கூடாது. துணி அதை உறிஞ்சி, தூசியும் சேர்ந்து, நாளடைவில் பிசுபிசுத்து இன்னும் மோசமாகும். பின்னை வெளியே தள்ளி, துணியை ரீமர் என்ற, துளையை விரிக்கும் நுண்ணிய கருவியால் இலேசாகத் தளர்த்தி, பொருத்தமான பின்னைச் செலுத்துவதே முறையான வழி. அதைப் பழகிய கையிடமே விட வேண்டும்.

டேம்பர் விரைந்து திரும்பியும் ஒலி அடங்காவிட்டால், அச்சுரத்தின் கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தால், ஃபெல்ட் தொடாத கம்பி தானே காட்டிக்கொடுக்கும். டேம்பரின் தண்டை மயிரிழையளவு வளைத்து நேராக்கலாம். கம்பியைத் தட்டும் சுத்தியல் பாதி தூரம் வந்தபின் தூக்க வேண்டிய டேம்பரை, பின்னாலுள்ள கரண்டி போன்ற உலோகத் துண்டு முன்கூட்டியே தூக்குவதும் உண்டு.

பழைய ஆங்கிலேயப் பியானோக்கள் சிலவற்றில் டேம்பர்கள் சுத்தியலுக்கு மேலே, கம்பியின் முனையருகே அமைந்திருப்பதால், எவ்வளவு திருத்தினாலும் ஒலி சற்று நீளத்தான் செய்யும். பெரியம்மாவின் பியானோ அவ்வகையன்று. இறுகிய பின்களை மாற்றியதும் சுரங்கள் உடனுக்குடன் அடங்கின. கெட்டிப்பட்டிருந்த சில ஃபெல்ட்டுகளை ஊசியால் குத்தி மென்மையாக்கியதே போதுமானதாக இருந்தது.