இரண்டு முறை நுழைய ஒரு விசா

வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் இதை எளிதில் நம்ப மாட்டான், நானும் நம்பவில்லை. 1920-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி அந்தத் தீவுகள் நார்வேக்குச் சொந்தம். ஆனால் கையெழுத்துப் போட்ட நாடுகளின் மக்களும் அங்கே போய்த் தங்கலாம், தொழில் செய்யலாம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. "வெள்ளைக்காரன் நமக்காகப் போட்டதுல உருப்படியான கையெழுத்து இது ஒண்ணுதான்" என்றார் அப்பா.

சிக்கல் வழியில்தான் இருந்தது. ஆஸ்லோவில் விமானம் மாற வேண்டும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வர விடும் ஷெங்கன் ஏற்பாட்டுக்குள் நார்வே இருக்கிறது, ஸ்வால்பார்டு இல்லை. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று நார்வேக்குள் இரண்டு தடவை நுழைந்தாக வேண்டும். விண்ணப்பம் வாங்கியவரிடம் இதைச் சொன்னேன். "போறது ஒரு தடவைதானே சார்?" என்று அவரே ஒன்று என்று குறித்துவிட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், என் தப்பும்தான். வந்த விசாவில் '01'. அதோடு போயிருந்தால் ஊர் திரும்ப வழியில்லை. அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், விளக்கக் கடிதம் எல்லாவற்றையும் மறுபடி கொடுத்து '02' வாங்குவதற்குள் கிளம்பும் நாளுக்கு ஆறு நாள்தான் மிச்சம். போகிறவர்கள் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நீங்களே நிரப்புங்கள்.

நான் போனது பனியாறுகள் பற்றிய ஐந்து வார வகுப்புக்கு, ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனில் இருக்கும் பல்கலைக்கழக மையத்தில். 78 டிகிரி வடக்கு. பிப்ரவரி நடுவில் இறங்கினேன். நண்பகலிலும் சூரியன் இல்லை, நீலமாக ஒரு வெளிச்சம் மட்டும். சுரங்கத் தொழிலாளர்கள் கரித்தூசிக்குப் பயந்து வாசலில் பூட்ஸைக் கழற்றிய பழக்கம் இன்னும் அங்கே போகவில்லை. பேராசிரியர் சாக்ஸோடு நின்று பாடம் எடுத்தார். நமக்கு அதில் என்ன அதிசயம்? ஐரோப்பிய மாணவர்கள்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பனியாற்றைக் காட்டும் முன் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்குத் தயாராக இருக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சி முடிக்காதவருக்குக் களப்பயணம் கிடையாது. தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் தொட்டிராத கை, பழைய மவுசர் ரைஃபிளின் கனத்தில் நடுங்கியது. சுடுவதைவிடச் சுடாமல் வைத்திருக்கத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியில் நடக்கும்போது 'பாதி லோடு': குண்டுகள் மேகசினில் இருக்கும், சுடத் தயாராகக் குண்டு நிற்கும் குழலறை காலி. ஊருக்குள் வந்தால் முழுதும் காலி.

என் மண்டையில் ஆணியடித்தது போல நின்றது, பளிச்சென்ற ஒளியோடும் சத்தத்தோடும் வெடிக்கும் ஒளிக்குண்டுப் பாடம். கரடியை விரட்ட முதலில் அதைத்தான் சுட வேண்டும். அது நமக்கும் கரடிக்கும் நடுவில் வெடிக்க வேண்டும். பதற்றத்தில் தூரமாகச் சுட்டு, கரடிக்குப் பின்னால் வெடித்தால், மிரண்ட கரடி நேராக நம்மை நோக்கி ஓடிவரும். முதல் பயிற்சியில் நான் சுட்டது அப்படித்தான் போய் வெடித்தது. நல்லவேளை, கரடி இருந்த இடத்தில் ஒரு கம்புதான் நட்டிருந்தார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

பிறகு ரப்பர் உடை மாட்டி ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் கடல்நீரில், இறக்கினார்கள். இவ்வளவு வடக்கே கடல் ஏன் உறையவில்லை என்று கேட்டேன். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் மேற்குக் கரை வரை வருகிறதாம். அந்த 'வெதுவெதுப்பில்' என் விரல்கள் மரத்துப்போயின. இன்னொன்று, சுற்றிலும் பனியாக இருந்தாலும் லாங்யர்பியன் ஒரு பாலைவனம் மாதிரிதான். வருஷத்துக்கே சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். சென்னை ஒரே நாளில் அதைவிட அதிகம் பார்த்திருக்கிறது.

மார்ச் 8 அன்று ஊரே பழைய மருத்துவமனைப் படிக்கட்டின் பக்கம் கூடியது. சூரியன் அடிவானத்துக்கு மேலே வந்து சில வாரங்கள் ஆகியும், மலை மறைத்ததால் ஊருக்குள் விழவில்லை. அந்தப் படிக்கட்டில் வெயில் பட்டால்தான் சூரியன் வந்ததாகக் கணக்கு. பிள்ளைகள் கூவி அழைத்தார்கள். சில நிமிஷம் மஞ்சளாக விழுந்தது. வெயிலுக்கு ஒதுங்கியே வளர்ந்த நான் அன்று முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ஆஸ்லோவில் பாஸ்போர்ட் அதிகாரி பழைய முத்திரைகளைப் பார்த்து, விசாப் பக்கத்தைத் திருப்பி, '02' மேல் விரலை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டக்கென்று குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.